மலைக்கு ஒரு பாட்டு

எங்கள் வேனில் ரேடியோ பூஞ்சேரி வரைக்கும்தான் பாடும். வேலை முடிந்து எங்களைச் செங்கல்பட்டு வரைக்கும் கொண்டுவிடுகிற, ஏரியல் கம்பி பாதியில் ஒடிந்துபோன வேன் அது. நாவலூரில் கிளம்பும்போது கணீரென்று இருக்கும் சென்னைப் பண்பலை, திருப்போரூர் தாண்டியதும் தொண்டையைக் கட்டிக்கொள்ளும். பூஞ்சேரி கூட்டுரோட்டில் மாமல்லபுரத்துக்காரர்களை இறக்கிவிட்டு, வலப்பக்கம் திருக்கழுக்குன்றம் ரோட்டில் திரும்பினோமோ இல்லையோ, வடை வேகிற சத்தம் மட்டும்தான் மிஞ்சும்.

"நம்ம ரேடியோவுக்கு மாமியார் வூடு பூஞ்சேரி. அங்க வந்தா வாய மூடிக்கும்" என்று சொல்லி டிரைவர் அதை அணைப்பார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அன்று முழுக்க அதை வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன். படித்தது பத்தாவதுதான். சிறுசேரியில் ஒரு மென்பொருள் கட்டடத்தில் ஏ.சி., யு.பி.எஸ். பார்க்கிற வேலை. கம்ப்யூட்டர், செல்போன் எல்லாம் நோண்டி நோண்டித் தெரிந்துகொண்டது. மற்றதெல்லாம் மனிதர்கள் வாயிலிருந்து பொறுக்கியது.

அதற்கு முன்னால், தொண்ணூறுகளில், செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தேன். அங்கே ஒரு பூக்காரம்மா தன் டிரான்சிஸ்டரை அடிக்கடி தூக்கிக்கொண்டு வருவார். கடையில் பாடும், வீட்டுக்குப் போனால் பாடாது. எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். சுவரோரமாம். ஜன்னலில் வைத்துப் பாருங்கள் என்றேன். அடுத்த வாரம் கடைவாசலில் நின்றபடியே சொன்னார்: "பாடுது நைனா. இனிமே அத்த நகத்த மாட்டேன். பாடுற எடத்துல இருந்து எதையும் நகத்தக் கூடாது, மனுசனா இருந்தாலும்."

அந்தக் காலத்தில் ரேடியோ என்றால் அப்படித்தான். ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒரு இடம் இருந்தது. அரை அடி தள்ளி வைத்தால் கரகரப்பு. மனிதர்கள்தான் அதைத் தேடிப் போய் உட்கார்ந்தார்கள். பூக்காரம்மா சொன்னதை நான் வெகுகாலம் மாற்ற முடியாத விதி என்றே நினைத்திருந்தேன். ஓடுகிற வேனில், செல்போனிலிருந்து ஒரு ரேடியோ பாடியபோதுதான் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் இருக்கும். 'த்ரீ ஜி' என்பதெல்லாம் பேப்பரில் வரும் வார்த்தை. எங்கள் போனில் சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் 'ஈ' என்ற இங்கிலீஷ் எழுத்து தெரிந்தால் இன்டர்நெட் நடக்கும். 'ஜி' தெரிந்தால் தவழும். அதை வைத்துக்கொண்டு நான் ஒரு ரேடியோ செயலியைப் போனில் ஏற்றினேன். வேனின் டேப்பில் ஒயரைச் செருகினேன். வெளிநாட்டிலிருந்து யாரோ ஒரு தமிழர் நடத்துகிற நிலையத்திலிருந்து பழைய பாட்டு வந்தது. குடத்துக்குள்ளிருந்து பாடுவது போலத்தான் இருந்தது. ஆனால் பூஞ்சேரி தாண்டியும் பாடியது.

"எங்கருந்து அண்ணாத்த பாடுது?" என்றார் டிரைவர்.

"கனடாவாம்."

"பாரு. மெட்ராஸ்ல இருந்து வர்றது அறுந்து பூடுது. கனடாவுல இருந்து வர்றது அறுவல. பக்கத்து வூட்டுக்காரன் ஒதவாம சம்மந்தி ஊர்ல இருந்து ஆள் வந்த கத."

ஓடுகிற வண்டிக்கு எப்படிப் பாட்டு வந்து சேர்கிறது என்று அவருக்கு ஒரே குடைச்சல். ஒரு டவர் இன்னொரு டவரிடம் நம்மை ஒப்படைக்கிறது என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் சொன்னேன். அவர் பழைய மகாபலிபுரம் ரோட்டில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "சித்தாளுங்க செங்கல் கை மாத்துற மாதிரி" என்றார். அதைவிட நன்றாக நான் இதுவரை எங்கேயும் கேட்டதில்லை. ஒரு கை விடுவதற்குள் இன்னொரு கை பிடிக்க வேண்டும். நடுவில் ஆள் இல்லையென்றால் கல் கீழே.

எங்கள் வழியில் ஆள் இல்லாத இடம் ஒன்று இருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ரோட்டின் இரண்டு பக்கமும் மலைகள் நெருங்கி வரும். அங்கே போன் செத்துவிடும். செங்கல்பட்டு வெளிச்சம் தெரிகிறபோதுதான் உயிர் வரும். ஏறக்குறைய ஒரு பாட்டு நேரம். அதற்கு முன்னால் ஓர் ஏரி, கரையில் ஒரு டீக்கடை, டீக்கடைக்குப் பின்னால் ஒரு டவர். அங்கேதான் கடைசியாக நல்ல சிக்னல்.

போன் கொஞ்சம் பாட்டை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதையும் எல்லோரும் தெரிந்துகொண்டோம். 'பஃபரிங்' என்ற வார்த்தை வேனில் சகஜமானது. ஏரிக்கரை வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "பஃபர் ரொம்பிச்சா?" என்று டீசலைக் கேட்பது போலக் கேட்பார். அதில் சேருவது நாலு வரிப் பாட்டுதான். ஆனாலும் கேட்பார்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் போன்களில் இரண்டு வேலை ஒன்றாக நடக்காது. பாட்டு ஓடும்போது யாராவது கூப்பிட்டால், முதலில் பாட்டு அறுந்துவிடும். பிறகுதான் மணி அடிக்கும். கூப்பிட்டவரை வேனே சேர்ந்து திட்டும்.

ஒருநாள் தங்கச்சி என்னிடம் வந்து, தன் போனை நீட்டினாள். "அண்ணா, இதுல ஒரு ரேடியோவப் பாட வெக்க முடியுமா? அட்ரஸ் வெச்சிருக்கேன்."

தங்கச்சி என்று நானும் டிரைவரும் கூப்பிட, வேனே அப்படிக் கூப்பிட்டது. சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு. மதுராந்தகம் பக்கம் விவசாயக் குடும்பம். செங்கல்பட்டில் வேனை விட்டு இறங்கி ஊருக்கு பஸ் பிடிப்பாள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கணவர் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை செய்தார்.

அவள் கொடுத்த முகவரியைப் போட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் அது. வேன் கேளம்பாக்கத்தில் உப்பளங்களைத் தாண்டிக்கொண்டிருந்தது. கரகரத்த குரலில் ஒரு ஆள் பேசினார்: "வணக்கம் நேயர்களே. இந்த இனிய மாலைப் பொழுதில்... இங்க ராத்திரி ஆய்டுச்சு, அங்க சாயங்காலமா இருக்கும்... அடுத்த பாடல் வந்துகினே கீது."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சியும் சிரித்துவிட்டு, "எங்க வூட்டுக்காரருண்ணா" என்றாள்.

அவர் தங்கியிருந்த இடத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரை வைத்து அந்த ரேடியோவை நடத்தினார்கள். ஆளுக்கொரு நாள். வியாழன் இவருடையது. தங்கச்சியின் கணவர் என்றால் எங்களுக்கு மாப்பிள்ளை இல்லையா? அன்றிலிருந்து வேனில் அவர் பெயர் மாப்பிள்ளை. வியாழக்கிழமை ஒயர் தங்கச்சிக்கு என்பது சட்டமாயிற்று. அந்த நேரத்தில் அவளைக் கூப்பிடக் கூடாதென்று அவளுடைய அம்மாவுக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தாள்.

கம்ப்யூட்டரில் எத்தனை பேர் கேட்கிறார்கள், எந்தெந்த நாட்டிலிருந்து என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்வார். "சிங்கப்பூர்ல ஆறு பேரு கேக்குறீங்க. அதுல மூணு பேரு இதே ரூம்ல கீறானுங்க. துபாய்ல ஒருத்தரு. இந்தியாவுல ஒருத்தரு." அந்தக் கடைசி ஒருத்தரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

"ஏன் ஒருத்தர்ங்கான்? நாம இம்புட்டுப் பேரு கேக்கோம்லா?" என்று குறைப்பட்டார் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். நாவலூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தார், குடும்பம் செங்கல்பட்டில். அவருக்கு எதிலும் கணக்குச் சரியாக இருக்க வேண்டும்.

"போன் ஒண்ணுதான அண்ணாச்சி. அதான் ஒருத்தர்" என்றேன்.

முதல் சில வாரம் மலைக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளையின் பேச்சு பாதியில் அறுந்தது. தங்கச்சி போனில் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு அவர் ஒரு வேலை செய்தார். இந்தியாவில் அந்த ஒருத்தர் வழக்கமாக எப்போது காணாமல் போகிறார், எப்போது திரும்பி வருகிறார் என்று கம்ப்யூட்டரில் பார்த்து வைத்துக்கொண்டார். வேன் ஏரிக்கரையை நெருங்கும் நேரத்தில், "சரி, மலை வருது. ஒரு பெரிய பாட்டா போடறேன்" என்பார். துபாயில் கேட்கிறவருக்கு என்ன மலை என்று புரிந்திருக்காது. பாட்டு தொடங்கும்; நாங்கள் மலைக்குள் போவோம்; பாட்டு அறுந்துபோகும். செங்கல்பட்டில் மறுபடி உயிர் வரும்போது பாட்டின் கடைசி அடியோ, அது முடிந்து அவர் தொண்டையைக் கனைப்பதோ கேட்கும். அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூடத் தங்கச்சிக்குத் தவறாது.

நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கடல் தாண்டி ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிற ஆள், ஒரு எண் விழுவதையும் எழுவதையும் வைத்து எங்கள் ஊர் மலையைத் தெரிந்துகொண்டார். அந்த வழியில் தினம் போகிற நாங்கள் அந்த மலையை அவ்வளவு கவனித்ததில்லை.

பிறகு ஒரு வாரம் தங்கச்சி ஒயரைக் கேட்கவில்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. நான் கேட்கவில்லை, கேட்காமலே ஒருநாள் அவளே சொன்னாள்.

மாப்பிள்ளையின் ஒப்பந்தம் அந்த வருஷத்தோடு முடிகிறது. முடித்துக்கொண்டு வந்துவிடுவதாகச் சொல்லித்தான் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். இப்போது இவளை ஒரு வார்த்தை கேட்காமல் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் சொன்னாராம்.

"போட்டது கூடப் பரவால்லண்ணா. கேட்டிருந்தா நானே சரின்னு கூட சொல்லியிருப்பேன். இனிமே எனக்குப் போன் பண்ணாதன்னு சொல்லிட்டேன். அவரு தெனம் பண்றாரு. நான் எடுக்கறதில்ல."

"ஆனா வியாழக்கிழம கேக்குற."

"அது ரேடியோ. யாரு வேணா கேக்கலாம்" என்றாள்.

போனை எடுக்க மாட்டாள். ரேடியோவை விட மாட்டாள். அவரும் அதைத் தெரிந்துகொண்டிருந்தார். பேச வழியில்லாத இரண்டு பேருக்கு நடுவில் மிஞ்சியிருந்தது கம்ப்யூட்டரில் தெரிகிற ஒரு எண். இந்தியாவில் ஒருத்தர். அது இருக்கிற வரைக்கும் அவருக்கு நம்பிக்கை, அவளுக்கு வீம்பு.

வேனில் மற்றவர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த வியாழன், திருப்போரூரை நெருங்கும்போது தங்கச்சி மெதுவாகக் காதிலிருந்து ஒரு பக்க ஒயரைக் கழற்றினாள். திரும்பினாள். பின்சீட்டில் அண்ணாச்சி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலருக்குள்ளிருந்து ஒரு கறுப்பு ஒயர் அவர் காதுக்குப் போயிருந்தது.

"அண்ணாச்சி."

"என்ன தாயி?"

"காதுல இன்னா?"

"கிரிக்கெட்டு."

"யாருக்கும் யாருக்கும்?"

"அதாம் தெரியல. இப்பதாம் போட்டேன்."

"எங்க வூட்டுக்காரர் சொல்றாரு, இன்னிக்கு இந்தியாவுல ரெண்டு பேராம். யாரது புதுசான்னு கேக்கறாரு."

டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரிக்க, வண்டி லேசாக ஆடியது. அண்ணாச்சி ஒயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே, "ஒரு வீட்ல சண்டைன்னா, என்ன ஏதுன்னு கேக்காம இருந்தா அது அக்கம்பக்கமே இல்ல, தாயி" என்றார். தங்கச்சி முறைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து முன்னால் வந்து, தன் போனை என் மடியில் வைத்தாள். "ஒயரைப் போடுங்கண்ணா. எல்லாருமே கேளுங்க. திருட்டுத்தனமா எதுக்கு."

இப்படியாக எல்லோருமே மறுபடி கேட்க ஆரம்பித்தோம். மாப்பிள்ளை பேச்சைக் குறைத்து, பாட்டைக் கூட்டியிருந்தார். ஆனால் மலைக்கான பாட்டை மட்டும் தவறவிடவில்லை. "மலை வருது" என்று மட்டும் சொல்வார். பெயர் சொல்ல மாட்டார்.

அடுத்த வியாழன் வழி மாறியது. பூஞ்சேரிப் பக்கம் பாலம் வேலை. கூட்டுரோட்டுக்காரர்கள் கேளம்பாக்கத்திலேயே இறங்கி வேறு பஸ் பிடித்தார்கள். டிரைவர் திருப்போரூரிலிருந்து நேராகச் செங்கல்பட்டுக்குப் போகும் காட்டு ரோட்டில் வண்டியை விட்டார். அந்த ரோட்டில் டவர் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று எங்களில் யாருக்கும் தெரியாது. யோசிக்கவும் இல்லை.

திருப்போரூர் ஊரைத் தாண்டியிருப்போம். மாப்பிள்ளை பாட்டைப் பாதியில் நிறுத்தினார். பிறகு சொன்னார்: "இந்தியாவுல கேக்குற அந்த ஒருத்தருக்கு மட்டும் ஒண்ணு சொல்லணும். மத்தவங்க மன்னிக்கணும். நான் கேக்காம அந்தக் கையெழுத்தப் போட்டது ஏன்னா..."

அவ்வளவுதான். காடு வந்துவிட்டது.

நான் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். அணைத்துப் போட்டேன். டிரைவர் வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தார். பின்னால் லாரி ஒன்று ஒலி எழுப்பியது. தங்கச்சி டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டு எல்லையில் திரும்ப உயிர் வந்தபோது மாப்பிள்ளை வேறொரு குரலில் பேசிக்கொண்டிருந்தார். "...கேக்க இஷ்டமில்லன்னா இன்னா பண்றது. பரவால்ல. பாட்டு கேளுங்க." அதோடு சரி. பாட்டு முடிந்ததும் நிகழ்ச்சியையும் முடித்துவிட்டார்.

"அவரு நெனச்சிக்கினாரு, நான் அணைச்சிட்டேன்னு" என்றாள் தங்கச்சி.

மலை வருகிற நேரம் அவருக்கு அத்துபடி. இது மலை நேரமில்லை. அந்த நேரத்தில் ஒருநாளும் அறுந்ததில்லை. சரியாக அவர் வாயைத் திறந்து விஷயத்துக்கு வந்தபோது இந்தியாவின் ஒருத்தர் மறைந்தால் வேறு எப்படி நினைப்பார்?

"ஒரு போனைப் போட்டுச் சொல்லிரு தாயி. சிக்னல் போயிட்டுன்னு சொல்ல என்ன வந்துச்சு?" என்றார் அண்ணாச்சி.

"கையெழுத்துப் போட்டவரு அவரு. நான் எதுக்கு விளக்கம் சொல்லணும்?" என்றாள்.

அந்த வாரம் முழுக்க மாப்பிள்ளையிடமிருந்து அழைப்பே இல்லை. "எடுக்கவே கூடாதுன்னு வெச்சிருந்த போனுண்ணா. அது அடிக்கலன்னதும் தூக்கம் வர்ல" என்று ஒரு காலையில் சொன்னாள். நான் அதையும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். ஆனால் அது இனிக்கவில்லை.

வியாழன் வந்தது. வழி பழையபடி திறந்திருந்தது. மாப்பிள்ளை நிகழ்ச்சி நடத்துவாரா என்றே எங்களுக்குச் சந்தேகம். நடத்தினார். வணக்கம் சொன்னார், பாட்டுப் போட்டார். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லவே இல்லை. இந்தியா என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. பூஞ்சேரி தாண்டியது. திருக்கழுக்குன்றம் மலைக்கோயில் தெரிந்தது. தங்கச்சி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு மலைல அறுந்ததும் அவ்ளோதான். மறுபடியும் அணைச்சிட்டேன்னு நெனப்பாரு. அப்புறம் வாரா வாரம் போடறதயே வுட்டுடுவாரு" என்றாள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வேனில் இன்டர்நெட் இருக்கிற போன்கள் மொத்தம் ஐந்தோ ஆறோ இருந்தன. எல்லோரும் அந்த ரேடியோவைப் போடுவோம். இந்தியாவில் ஒருத்தர் ஆறு பேராகட்டும். அவருக்கு ஒரு தெம்பு வரும், என்னவென்று கேட்பார். அண்ணாச்சிக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஏரிக்கரையை நெருங்கும்போது எல்லோரும் ஒன்றாக அமுக்கினோம்.

அதோடு ஒன்றுமே பாடவில்லை. ஒவ்வொரு போனிலும் வட்டம் மட்டும் சுற்றியது. தங்கச்சியின் போனிலும் மாப்பிள்ளை பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். அந்தப் பக்கத்துக்கே இருந்தது ஒரு டவர். ஆறு வாய் ஒரே நேரத்தில் உறிஞ்சினால் என்ன ஆகும் என்பது, பல வருஷம் ரேடியோவும் ஒயருமாக இருந்த என் புத்திக்கு எட்டவில்லை.

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "இன்னா பண்றீங்க அல்லாரும்? ஆளுக்கொரு கொடம் வுட்டா ஊத்து கலங்கிப் பூடும்ல? அவ ஒருத்தி மொண்டுக்கட்டும், மத்தவன்லாம் எட்து வைங்க."

எல்லோரும் அணைத்தோம். டிரைவர் யாரையும் கேட்காமல் டீக்கடைக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். மலைக்கு இந்தப் பக்கம். தலைக்கு மேலே டவரின் சிவப்பு விளக்கு. செங்கல்பட்டில் தங்கச்சிக்கு பஸ் போய்விடும். அண்ணாச்சி வீட்டில் சமையல் ஆறிப்போகும். யாரும் கிளம்பச் சொல்லவில்லை. பின்சீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் வீட்டுக்குப் போன் செய்து, "வண்டி நின்னுடுச்சும்மா" என்றாள். பொய்யும் இல்லை.

வட்டம் சுற்றி நின்றது. குரல் வந்தது.

"...இன்னா நடக்குது அங்க? இந்தியாவுல திடீர்னு ஆறு பேரு ஏறுனாங்க. அப்புறம் ஒருத்தருமே இல்ல. இப்ப ஒருத்தரு கீறாங்க." அவரையும் அறியாமல் சிரித்துவிட்டார். சிரித்ததும் நிறுத்திக்கொண்டார். ஒரு பாட்டைப் போட்டார். அது முடிந்தது. இன்னொன்று.

நாங்கள் காத்திருந்தோம். ஏரியிலிருந்து காற்று வந்தது. டீக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "பஞ்சரா?" என்றார். "இல்ல, ரேடியோ" என்றார் டிரைவர். அவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார்.

இரண்டாவது பாட்டு பாதியிலேயே நின்றது. அவரே நிறுத்தியிருக்கிறார். நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

"மலை வந்திருக்கணுமே" என்றார்.

டிரைவர் டேப்பின் சத்தத்தைக் கூட்டினார்.

"இந்நேரம் மலை வந்து, போயே இருக்கணும். அந்த ஒருத்தரு இன்னும் கீறாங்க." அவர் குரல் கிட்டத்தில் வந்தது, மைக்கை வாயோடு வைத்துக்கொண்டாரோ என்னவோ. "நின்னுட்டீங்களா? வேன நிறுத்திட்டீங்களா?"

தங்கச்சி தலையை ஆட்டினாள். போனைப் பார்த்து, ஆமாம் என்று. அவள் ஆட்டியது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பேசியது எங்களிடம் வந்து சேரவே அரை நிமிஷம் ஆகும். அவர் கேள்வியைக் கேட்டு முடித்து, பதிலையும் தானே புரிந்துகொண்டு, அடுத்த காரியத்தைத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி ஏரிக்கரைக்கு வந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது எங்களுக்குக் கேட்டதெல்லாம், "சரி. ஒரு பெரிய பாட்டா போடறேன்" என்று அவர் சொன்னதும், ஒரு வயலின் எழுந்ததும்தான்.

மலைக்குப் போடுகிற பாட்டு. அப்படிப் போட்ட ஒரு பாட்டையும் நாங்கள் முழுசாகக் கேட்டதே இல்லை. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகிற இடத்தில் பாட்டு அறுந்தது.

"போச்சு" என்றார் அண்ணாச்சி. "நின்ன எடத்துலயுமா அறும்?"

நான் அண்ணாந்து டவரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. டிரைவர் டேப்பை ஒரு தட்டுத் தட்டினார். வேனே சலித்துக்கொண்டது.

அப்போது மணி அடித்தது. ஒயர் மாட்டியிருந்ததால் வேனின் எல்லா ஸ்பீக்கரிலும் அடித்தது.

தங்கச்சி திரையைப் பார்த்தாள். ஒயரைப் பிடுங்கினாள். சத்தம் அவள் கைக்குள் சுருங்கிப்போனது. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு இறங்கினாள். டீக்கடையைத் தாண்டி, ஏரிக்கரையில் பனைமரங்கள் நிற்கிற இடத்துக்குப் போனாள். மணி நின்றது. எடுத்துவிட்டாள்.

என்ன பேசினாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. முதலில் வெகுநேரம் அவள் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது நின்ற விதத்தில் தெரிந்தது. பிறகு கையை வீசி வீசிப் பேசினாள். சண்டைதான். ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

ஏன் கேட்காமல் கையெழுத்துப் போட்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் சொல்லவில்லை, நாங்களும் அதை மட்டும் கேட்கவில்லை. அவர் அந்த இரண்டு வருஷத்தையும் முடித்துவிட்டுத்தான் வந்தார். அதற்கு மேல் ஒரு கையெழுத்துப் போடவில்லை.

பூக்காரம்மாவை அன்று வேனில் நினைத்துக்கொண்டேன். பாடுகிற இடத்திலிருந்து எதையும் நகர்த்தக் கூடாது என்றார். இந்த ரேடியோ நகர்ந்துகொண்டேதான் பாடியது. ஆனால் கடைசியில் நாங்கள்தான் அதற்காக ஓரிடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அந்த அம்மா சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கச்சி போனை நெஞ்சோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு வேன் ஜன்னலுக்கு வந்தாள். முகம் நனைந்திருந்தது. "போலாம்ணா. எல்லாருக்கும் லேட் ஆவுது. மலைக்கு அப்புறம் மறுபடி கூப்புட சொல்றேன்" என்றாள்.

டிரைவர் சாவியைத் தொடவில்லை. "பேசி முடிச்சுட்டு வா. மலை எங்க போவப் போவுது" என்றார்.

அவள் திரும்பிப் பனைமரத்தடிக்குப் போனாள். அண்ணாச்சி எல்லோருக்கும் டீ சொன்னார். நான் டேப்பில் தொங்கிக்கொண்டிருந்த ஒயரைச் சுற்றி வைத்தேன். சிங்கப்பூரில் அந்தப் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரில் இந்தியாவுக்கு நேரே ஒருத்தரும் இல்லை என்று காட்டும். இந்த முறை அது ஏன் என்று அவருக்குத் தெரியும்.